ஆறாம் சுற்றில் ஊதிய விசில்

மே 12

அக்காவுக்கு,

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: மூன்றாம் பேரக்ஸ், பதினான்காம் கட்டிலில் வசிக்கும் பயிற்சி வீரனின் இடது காலுறை, இன்று காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்குக் கட்டைவிரல் பகுதியில் கிழிந்து காலமானது. அன்னாருக்கு வயது நான்கு மாதம். அன்னாரின் துணையான வலது காலுறை, யாரும் ஆறுதல் சொல்ல முடியாத நிலையில், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மலர்வளையம் தவிர்க்கவும். ஊசி நூல் ஏற்றுக்கொள்ளப்படும்.

சிரித்திருந்தால் நிறுத்திக்கொள். நான் உன்மேல் கொலைவெறியில் இருக்கிறேன். கைபேசிகள் பயிற்சி முடியும்வரை அலுவலகப் பெட்டியில் பூட்டிக் கிடப்பதால் தாளில் கத்துகிறேன். காதருகே பிடித்துப் படி.

மே ஒன்பதாம் தேதி உடல்தகுதித் தேர்வு. தண்டால் முடிந்தது, சிட்-அப் முடிந்தது, மிச்சம் எட்டுச் சுற்று ஓட்டம். ஐந்து மாதமாக நுரையீரலைத் துவைத்துக் காயப்போட்டு நான் காத்திருந்த ஓட்டம். நாற்பது பேர் ஓடினோம். ஏழாம் சுற்றில் நான் காலை வைத்தபோது எனக்கு அடுத்தவன் அரைச் சுற்றுப் பின்னால். இந்த முகாமில் ஒன்பது வருடமாக யாரும் உடைக்காத நேரம், கைக்கு எட்டும் தூரத்தில். அப்போது மைதானத்தின் நடுவில் நின்ற தேர்வு மேற்பார்வையாளர், அதாவது என்னோடு கூடப் பிறந்த புண்ணியவதி, விசிலை மூன்று முறை ஊதினாள். மூன்று முறை ஊதினால் எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம். என் சாதனையும் உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

எதற்காக? ஒட்டகம் தள்ளாடினானாம்! என் பக்கத்துக் கட்டில்காரனை உனக்குத் தெரியாதா? ஆறடி இரண்டு அங்குலம், அதில் கழுத்தே இரண்டடி. சமதரையில் தடுக்கி விழுவது அவனுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. ஒருவன் மயங்கினால் அவனை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றவர்களை ஓட விடவேண்டியதுதானே? நீ என்ன செய்தாய்? ஒவ்வொரு தேர்வுக்கும் நான்கு பேரை வைத்து இழுத்து வருகிறாயே ஒரு ஐஸ் தொட்டி, முகாமே 'மேடம் வீட்டுக் குளியலறை' என்று சொல்கிற அந்தத் தொட்டியில் அவனை பூட்ஸோடு அமுக்கினாய். மறுநாள் காலை உன்னை வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீயும் போய்விட்டாய்.

இங்கே மாட்டிக்கொண்டு முழிப்பது நான். எனக்குச் சுற்று எண்ணினவன் உன் தொட்டிக்கு ஐஸ் அள்ள ஓடியதில் சீட்டைத் தொலைத்துவிட்டான். கேட்டால் தலையைச் சொறிகிறான். நேற்றுச் சாப்பாட்டுக் கூடத்தில் நகக்கடியார் (உன்னோடு வேலை பார்த்த பயிற்சியாளர்தான், பத்து விரலிலும் நகம் பாக்கியில்லாத மகான்) எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"தம்பி பின்தங்கிட்டான், அக்கா ஊதிட்டா. ரத்தபாசம்னா சும்மாவா?"

"சார், நான்தான் முதல்ல ஓடினேன்."

"யாரு பார்த்தா?"

"நானே பார்த்தேன் சார்."

"உன்னை நீயே பார்த்தியா? கையில கண்ணாடி வச்சுக்கிட்டு ஓடினியா?"

கூடமே சிரித்தது. சிரிக்க வைப்பது என் வேலை, அக்கா. என்னைப் பார்த்துச் சிரிப்பது யார் வேலையும் இல்லை. ஆகவே உடனே கமாண்டன்டுக்கு ஒரு கடிதம் எழுது: ஓட்டத்தை நிறுத்தியபோது முன்னால் இருந்தவன் இவன்தான் என்று. இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நீ ஊதி அணைத்த விளக்கு


மே 17

தம்பிக்கு,

உன் காலுறைக்கு என் அனுதாபங்கள். ஊசி நூல் அனுப்பவில்லை.

நீ ஒட்டகம் என்று எழுதுகிற பையன் தடுக்கி விழவில்லை. தொட்டியில் இறக்கியபோது அவன் உடம்பு நூற்றாறு டிகிரி. பதினெட்டு நிமிடம் ஐஸ் தண்ணீரில் வைத்திருந்து, நூற்றிரண்டுக்கு இறங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றவிட்டேன். அந்தப் பதினெட்டு நிமிடமும் அவன் என் முழங்கையைக் கடித்துக்கொண்டிருந்தான். கடிப்பது யாரை என்று அவனுக்குத் தெரியாது. எட்டு நாளாக ஐ.சி.யு.வில் கிடக்கிறான். சிறுநீரகம் தேறுமா என்று இன்னும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். குளியலறை என்று சிரித்தீர்களே, அது இல்லாவிட்டால் அவன் அம்மாவுக்குச் சாவுச் செய்திதான் போயிருக்கும். உன் காலுறைக்கு எழுதினாயே, அந்த மாதிரி ஒரு அறிவிப்பு.

ஒருவனுக்காக முப்பத்தொன்பது பேரை ஏன் உட்கார வைத்தாய் என்று கேட்கிறாய். நான் ஒருத்தி. தொட்டி ஒன்று. மருத்துவ உதவியாளர் ஒருவர். நாங்கள் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மைதானத்தின் மறுகோடியில் இன்னொருவன் விழுந்தால் யார் பார்ப்பது? உன் சாதனையா?

நீ முதலாவதாக ஓடினாயா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். என் தம்பி இந்த பேட்ச்சில் இருக்கிறான். அவனைக் கேள்வி கேட்பதும் நேரம் குறிப்பதும் மதிப்பெண் போடுவதும் வேறொருவர் கையில் இருக்கட்டும் என்று. அதனால்தான் உன்னை அந்த நகம் கடிக்கிறவர் பார்த்தார். உன் பனியனில் உன் எண் தெரிந்தால் நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேரைத்தான் மேற்பார்வை பார்த்தேன். அதற்குக் கிடைத்த பட்டம் ரத்தபாசம்.

இப்போது என் செய்தி. என்மேல் விசாரணை. அந்தப் பையனின் ரத்தத்தில் காய்ச்சல் மாத்திரை இருந்திருக்கிறது. காய்ச்சலோடு ஓடியிருக்கிறான். ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்பேன், உனக்குத் தெரியும்: காய்ச்சல் உண்டா, வாந்தி பேதி உண்டா, மாத்திரை ஏதாவது போட்டாயா. அதற்குப் பிறகு கட்டில் சாட்சி. பக்கத்துக் கட்டில்காரன், இவன் சொல்வது உண்மை என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அந்த முறையைக் கொண்டுவந்ததே நான். தனக்காகப் பொய் சொல்கிற பையன்கூட அடுத்தவன் உயிர் விஷயத்தில் சொல்லமாட்டான் என்று நம்பினேன்.

அவனிடம் நான் கேள்வியே கேட்கவில்லை, சும்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடவிட்டேன் என்கிறார்கள். அதோடு, அவன் ஒரு சுற்று முழுக்கத் தள்ளாடியும் ஊதாமல் நின்றேனாம். ஆறாம் சுற்றில், தூரத்து வளைவில் அவன் கால் பின்னிய அதே நொடியில் ஊதினேன். அவனுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகுதான் தெரிந்தது. அவன் யாராக இருந்தாலும் வந்து சொல்லட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் வரவில்லை. குற்றம் உறுதியானால் மேற்பார்வைச் சான்று ரத்து, பதவி இறக்கம். பதினோரு வருட வேலை.

அந்தப் பையன் பெயருக்கு எதிரே இருப்பது உன் கையெழுத்து. அதைப் பற்றி உன்னிடம் கேட்கமாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவள் சாட்சியிடம் பேசக் கூடாது. தம்பி என்பதால் கூடவே கூடாது.

இங்கே எனக்கு பூட்ஸ் கிடங்கில் வேலை. இடது வலது பிரித்து அடுக்குகிறேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. உளறாதே.

அக்கா


மே 22

மாண்புமிகு பூட்ஸ் கிடங்கு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

நூற்றாறு டிகிரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "தேறிட்டான், தேறிட்டான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியதில் அந்தத் தடுக்கி விழுகிற வரியை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். மற்ற வரிகள் அப்படியே நிற்கின்றன.

ஏனென்றால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. சின்ன வயதில் நான் கை கழுவினேன் என்று சொன்னால் நம்புவாயா நீ? கையை இழுத்து முகர்ந்து பார்ப்பாய். பன்னிரண்டு வயது மூத்தவள் என்பதால் எனக்கு அம்மா இரண்டு பேர், அதில் ஒன்று போலீஸ். பள்ளியில் அறுபது மதிப்பெண் வாங்கினேன் என்றால் விடைத்தாளைக் கொண்டு வா என்பாய். இப்போது உலகமே தலைகீழாக நின்று நான் முதலாவதாக ஓடினால், "உன்னை மட்டும் பார்க்கவில்லை" என்கிறாய். என்னை முகர்ந்து பார்க்க வேண்டிய ஒரே நாளில் மூக்கைத் திருப்பிக்கொண்ட அக்கா உலகத்தில் நீ ஒருத்திதான்.

உன் இடத்துக்கு வந்த நகக்கடியார் எப்படி நடத்துகிறார் என்று கேள். மறுதேர்வு ஜூன் 16. அதற்கு ஒத்திகை என்று நேற்றுத் தண்டால் வைத்தார். மார்பு தரைக்கு ஒரு முழம் மேலே இருக்கும்போதே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். அவருக்குப் பிடித்தவன் முப்பது போட்டால் நாற்பது. பிடிக்காதவன் நாற்பது போட்டால், "முதுகு வளைஞ்சிருக்கு, முதல்ல இருந்து ஆரம்பி." வெயிலும் புழுக்கமும் சேர்த்து அளக்க நீ வைத்துவிட்டுப் போன மானி அவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. தொட்டியில் துணி துவைக்கிறார்கள். உன்மேல் எனக்குள்ள கோபத்தில் கால்வாசியை எடுத்து அவர்மேல் வைத்திருக்கிறேன்.

விசாரணை அதிகாரி என்னையும் கூப்பிட்டார். சின்ன அறை, ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் மட்டும் திரும்பும்.

"பக்கத்துக் கட்டில் நீதானே?"

"ஆமா சார்."

"காய்ச்சல் இருந்துச்சா?"

"கட்டிலுக்கா சார்?"

அந்த மனிதர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பதற்கான பாகங்களே பொருத்தப்படவில்லை. பிறகு ஏழெட்டுக் கேள்வி கேட்டார். சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாருக்கும் சேதாரமில்லை. நீ பயப்படாதே, தானாக அடங்கிவிடும்.

கமாண்டன்டுக்குக் கடிதம் எழுதமாட்டாய் என்று புரிந்துவிட்டது. பரவாயில்லை. முதலாவதாக ஓடியது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பார்வையில் படாத நாற்பதாவது ஆள்


மே 29

உன் வாக்குமூலத்தின் நகல் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவளுக்கு எல்லாச் சாட்சியின் நகலும் கொடுக்க வேண்டும் என்பது விதி. சோப்பு மாதிரி வழுக்கினாயே, அது எங்கே போய் விழுந்தது என்று பார்.

"கேள்விகள் கேட்கப்பட்டனவா என்பது நினைவில்லை. பதிவேடு வந்தது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நானும் இட்டேன். ஏழாம் சுற்றில் அனைவருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் விழுந்ததைப் பார்க்கவில்லை."

ஐந்தே வரி. யாருக்கும் சேதாரமில்லையா?

நினைவில்லையா உனக்கு? அவனிடம் நான் கேட்டபோது அவனுக்கு அடுத்து வரிசையில் நின்றவன் நீ. உன்னை நகம் கடிப்பவர் கேட்க வேண்டும் என்பதால் நீ காத்துக்கொண்டிருந்தாய். நான் அவனிடம், "கண்ணு ஏன் சிவந்திருக்கு?" என்று நாலாவதாக ஒரு கேள்வியும் கேட்டேன். "சோப்பு பட்டுருச்சு மேடம்" என்றான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புச் சத்தம் என் காதில் இருக்கிறது. உன் காதில் மட்டும் எப்படி இல்லாமல் போனது?

மூன்றாம் வகுப்பில் எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு, "பந்து எங்க போச்சுன்னு ஞாபகமில்ல" என்று நின்றாய். திட்டு வாங்கியது நான், பந்து வாங்கிக் கொடுத்தவள் என்பதற்காக. அப்போது ஏழு வயது உனக்கு. இப்போது துப்பாக்கி பிடிக்கப்போகிற வயது. உன் பக்கத்தில் படுத்து எழுகிறவன் உன் வார்த்தையை நம்பி எங்கேயாவது போய் நிற்கப்போகிறான். "ஞாபகமில்ல" என்பாயா அவனிடமும்?

எத்தனை பேர் என்னிடம் தேர்வு எழுதியிருக்கிறார்கள்! ஒரு தண்டால் குறைந்து தோற்றவன் என் முன்னால் அழுதிருக்கிறான், நான் எண்ணை மாற்றியதில்லை. ஒரு பெரிய அதிகாரியின் மகனை வெயில் அளவு மீறிச் சிவப்புக் கொடி ஏறிவிட்டது என்று ஓடவிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னை யாரும் அசைக்க முடியவில்லை. நீ அசைத்துவிட்டாய். அதுவும் பொய்கூடச் சொல்லாமல். பொய் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். "நினைவில்லை" என்பதை எப்படி மறுப்பது?

சாட்சியை மாற்று என்று நான் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை விசாரணை அதிகாரி கேட்டால் தாராளமாகக் காட்டு. நான் எழுதியிருப்பது என் கோபம் மட்டும்தான். அதற்கு எந்த விதியும் தடை போடவில்லை.

இறுதி விசாரணை ஜூன் 14.


ஜூன் 2

அக்கா,

அறிவிப்பு எதுவும் இல்லை.

நீ கேட்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? நினைவில்லை என்றுதானே சொன்னேன். கேட்டாய் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் நீ ஏன் கையெழுத்துப் போட்டே?" பொய்க் கையெழுத்துக்கு முகாமை விட்டே அனுப்புவார்கள். குறைந்தது அடுத்த பேட்ச்சோடு முதல் நாளிலிருந்து. திரும்ப மொட்டை, திரும்ப ஐந்து மாதம்.

போதுமா? ஆமாம், அவனுக்குக் காய்ச்சல். முந்தின நாள் மாலையிலிருந்தே. நான் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. எழுப்பு மணி அடித்ததும் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நெற்றியில் வைக்கிற தெர்மாமீட்டர் ஏமாறட்டும் என்று வரிசைக்கு வரும்வரை ஈரத்துண்டைக் கட்டிவிட்டதும் நான்தான். தேர்வைத் தவறவிட்டால் அவன் அடுத்த பேட்ச்சுக்குப் போக வேண்டும். "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கடா" என்று அழுதான். நண்பனுக்காகக் கையெழுத்துப் போட்டேன். நீ கண்டுபிடித்தாயே ஒரு முறை, கட்டில் சாட்சி! அடுத்தவன் உயிர் விஷயத்தில் பொய் சொல்லமாட்டானாம். அக்கா, தனக்காகப் பொய் சொல்லத்தான் பையன்கள் பயப்படுவார்கள். நண்பனுக்காகச் சொல்வது எங்களுக்குப் பெருமை. அது தெரியாமல் ஒரு பதிவேடு வைத்தாய் பார், தப்பு அங்கே இருக்கிறது.

நீ எப்போதும் விதியின் பக்கம். நான் நண்பன் பக்கம் நின்றேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே.


ஜூன் 6

எழுதாதே என்றாய். இது கடைசி.

உன் ஜூன் 2 கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. இது என் மேசையில் இருந்தால் பதினான்காம் தேதி நான் இதைத் தூக்கிக்கொண்டு போவேன். என்னை எனக்குத் தெரியும். தம்பி அக்காவிடம் கத்தியதைக் காட்டி என் சான்றைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. சொல்வதானால் நீ உன் காலால் நடந்து போய், உன் வாயால் சொல். இல்லையென்றால் கிழித்துப் போடு.

கட்டில் சாட்சி விஷயத்தில் நீ எழுதியது சரி. நான் பையன்களைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை விசாரணையில் நானே சொல்வேன். நீ செய்தது உன்னுடையது.

நேற்று அந்தப் பையனின் அம்மா என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டார். கிடங்கு வாசலில், பூட்ஸ் குவியலுக்கு நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. என் புள்ளைகிட்ட உடம்பு எப்படியிருக்குன்னு கேட்டியா, கேக்கலியா?"

"கேட்டேன்மா."

"எல்லாரும் கேக்கலேங்கிறாங்களே?"

நான் என்ன சொல்ல? என் தம்பிக்குத் தெரியும் என்றா? கையிலிருந்த ஒற்றை பூட்ஸை அடுக்கில் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். நம்பினாரா என்று தெரியாது.

பையனை ஐ.சி.யு.விலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்களாம். அந்த நாளைப் பற்றி அவனுக்கு எதுவும் நினைவில்லை. அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை.


ஜூன் 13

அக்காவுக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் விசாரணை முடிந்திருக்கும். ஆனாலும் அதிகாரியின் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கொடுத்தார்கள். சிரிக்க வைக்கலாம் என்று ஏழெட்டு ஜோக் தயார் செய்துகொண்டு போனேன். ஒட்டகம் கட்டிலில் பாதியாக இருந்தான். கட்டில் அவனுக்குப் பெரிதாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. அவன்தான் பேசினான்.

"டேய், மேடம் என்கிட்ட கேட்டாங்களாடா? எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"கேட்டாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"காய்ச்சல் இல்லேன்ன."

"மாத்திரை?"

"போடலேன்ன."

"நீ?"

"ஆமான்னு கையெழுத்துப் போட்டேன்."

விரல் இரண்டை மடக்கினான். பிறகு, "அப்ப மேடத்தைக் கவுத்தது நாம ரெண்டு பேரா?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கூட்டல் கணக்கு சரிபார்க்கிற மாதிரி கேட்டான். நீ பக்கம் பக்கமாகத் திட்டியதைவிட அதுதான் எனக்கு உறைத்தது. அவன் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நேரம் முடிகிறவரை.

மறுநாள் காலை, நீ திருப்பி அனுப்பிய கடிதத்தோடு விசாரணை அதிகாரியிடம் போனேன். கடிதத்தை நீட்டினால் பேசாமல் தப்பிக்கலாம் என்று கணக்கு. வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"வாயால சொல்லு."

நீயும் அவரும் ஒரே பள்ளிக்கூடமா?

சொன்னேன். மாத்திரை, ஈரத்துண்டு, நீ கேட்ட மூன்று கேள்வி, நாலாவதாகக் கண் சிவப்பு, பின்னாலிருந்து என் சிரிப்பு. அவர் எழுதிக்கொண்டே வந்தார். நண்பனுக்காகச் செய்தேன் என்றேன். அங்கே பேனா நின்றது.

"நண்பனுக்காகவா?"

அக்கா, அந்த மின்விசிறி முதல்முறையாக என் பக்கம் திரும்பியது. எனக்கு வியர்த்தது. அந்த வரியை எழுத அவரை விட்டிருந்தால் நான் ஒரு வகை வீரனாகவே வெளியே வந்திருப்பேன். ஆனால் அது உண்மையில்லை. பயிற்சி ஓட்டங்களில் சுற்று எண்ணுகிற ஆளை நாங்களே வைத்துக்கொள்வோம் இல்லையா? எனக்கு எண்ணுவது ஒட்டகம். ஐந்து மாதமாக நான் ஏழு சுற்று ஓடினேன், அவன் எட்டு என்று குறித்தான். எட்டாவதை ஓடாமலே நான் எப்போதும் 'தேர்ச்சி'. காய்ச்சலோடு அவன் வந்து நின்றபோது, "உனக்கு எத்தனை தடவை நான் எண்ணியிருக்கேன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். அதற்குப் பதில்தான் அந்தக் கையெழுத்து. பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேனாவைப் பிடித்தது பாசம் இல்லை.

தேர்வன்று எண்ணுகிறவனைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாய். உன் ஏற்பாடுதான். சீட்டில் எனக்கு வந்தவன் யோக்கியன். ஆகவே எட்டையும் நானே ஓட வேண்டியதாயிற்று.

அடுத்து அவர், ஒட்டகம் எவ்வளவு நேரம் தள்ளாடினான், யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். நான் பார்த்தேன் என்றேன்.

"நீ முன்னால ஓடினதா எழுதியிருக்கே. பின்னால விழுந்தவனை எப்படிப் பார்த்தே?"

 அதையும் சொன்னேன். தூரத்து வளைவில் ஒட்டகம் திரும்பி என்னைப் பார்த்து, "பஸ் போயிடுச்சா?" என்று கேட்டான். காமெடி பண்ணுகிறான் என்று நினைத்தேன். "அடுத்த பஸ் அரை மணியில" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவன் கால் பின்னியது. பின்னிய அதே நேரம் உன் விசில். ஒரு சுற்று இல்லை அக்கா, ஒரு நூறு மீட்டர்கூட இல்லை. பக்கத்தில் ஓடிய எனக்குப் புரியாதது மைதானத்துக்கு நடுவில் நின்ற உனக்குப் புரிந்தது. விசிலுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. பயந்துபோய் அவனைத் தாண்டி நாற்பது ஐம்பது அடி ஓடிப்போய், அங்கே உட்கார்ந்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் முன்னால் இருப்பது போலத் தெரிந்தது. எனக்கே இரண்டு நாளில் அப்படித் தெரிய ஆரம்பித்துவிட்டது. நீ தேடிக்கொண்டிருந்த முதுகு என்னுடையது.

எல்லாவற்றையும் எழுதி முடித்து அவர் திரும்பப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். என்னை என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை. பெட்டியைக் கட்டி வை என்று மட்டும் நகக்கடியார் சந்தோஷமாகச் சொன்னார். கட்டிவிட்டேன். உனக்கு என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். எனக்கு உன்மேல் இருந்ததைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

ஒன்று பாக்கி. எழுந்து வரும்போது அதிகாரி, வாக்குமூலத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, ஓட்டம் நின்றபோது உன் இடம் என்ன என்று கேட்டார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வேறு மாதிரி சொல்லு என்றார்.

சொன்னேன். அப்போதுதான் அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார்; அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார். உனக்கும் அதையே எழுதுகிறேன். எனக்கும் அது ஆறாம் சுற்றுதான். உடம்பெல்லாம் கொதித்து, கண் தெரியாமல், பஸ்ஸைத் தேடிக்கொண்டு ஓடினவன் எனக்கு நாலடி முன்னால் ஓடினான். நாற்பது பேரில் கடைசி, நான்தான்.

தம்பி